படுத்தால் 168, நின்றால் 98: பார்கின்சன் நோயில் ரத்த அழுத்தம் ஏன் இப்படித் தடுமாறுகிறது?

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது. ஆறு வருடமாகப் பார்கின்சன். காலையில் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, பிடரியும் தோளும் வலிக்கிறது என்கிறார். இரண்டு முறை விழுந்துவிட்டார். படுத்திருக்கும்போது பிரஷர் 168/92, நாடித்துடிப்பு 70. நின்று மூன்று நிமிடம் ஆனதும் 98/60, நாடி 78. ஒரு மருத்துவர் பிரஷர் மாத்திரையைக் கூட்டச் சொல்கிறார். இன்னொருவர் உப்பும் தண்ணீரும் அதிகம் கொடுக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

ஒருவர் படுத்திருக்கும்போது உள்ள எண்ணுக்கு வைத்தியம் சொல்கிறார், மற்றவர் நிற்கும்போது உள்ள எண்ணுக்கு. இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். ரத்தக்குழாய்களை இறுக்கவும் தளர்த்தவும் வேண்டிய நரம்புகள் வேலையை விட்டுவிட்டன. அதனால் அப்பாவின் ரத்த அழுத்தத்தை இப்போது அவர் உடம்பு இருக்கும் நிலைதான் தீர்மானிக்கிறது. இதற்கு நியூரோஜெனிக் ஆர்த்தோஸ்டேடிக் ஹைப்போடென்ஷன் என்று பெயர். நரம்புக் கோளாறால் நிற்கும்போது அழுத்தம் விழுவது என்று பொருள். இதைப் புரிந்துகொண்டால் எந்த மாத்திரை எந்த நேரத்தில் என்பது தானாகவே விளங்கும்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் புவியீர்ப்பால் கீழே இறங்கிவிடுகிறது. கால்களுக்குத்தான் போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பங்கு வயிற்றுக்குள் இருக்கும் குடல், கல்லீரல் பகுதிச் சிரைகளில்தான் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, அழுத்தம் இறங்கத் தொடங்கும். கழுத்தில் கரோடிட் தமனி பிரியும் இடத்திலும், இதயத்தை ஒட்டிய பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை ஒன்பதாவது, பத்தாவது மூளை நரம்புகள் வழியாக மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சேதி அனுப்புகின்றன. அங்கிருந்து தண்டுவடம், நரம்பு முடிச்சுகள், கடைசியாக ரத்தக்குழாயின் சுவர். நரம்பு முனை நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருளை உமிழ, குழாய் இறுகும், அழுத்தம் நிமிரும். சில நொடிகளில் முடியும் வேலை என்பதால் ஆரோக்கியமாக இருப்பவருக்கு இது நடப்பதே தெரியாது.

பார்கின்சனில் ஆல்பா சைனுக்ளீன் என்ற புரதம் நரம்பணுக்களுக்குள் கட்டிக்கட்டியாகச் சேர்கிறது. லூயி பொருள்கள் என்று சொல்லப்படும் கட்டிகளின் முக்கியக் கூறு இந்தப் புரதம்தான் என்பது 1997இல் தெரியவந்தது. நடுக்கத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கும் மூளைப்பகுதியோடு அது நிற்பதில்லை. இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் போகும், நாம் நினைக்காமலே இயங்கும் சிம்பதெடிக் நரம்புகளின் கடைசி முனைகளையும் அரிக்கிறது. ஆணை வருகிறது, ஆனால் உமிழ நார்எபிநெஃப்ரின் இல்லை. மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி என்ற இன்னொரு நோயில் நிலைமை நேர்மாறு. கடைசி முனைகள் பெரும்பாலும் நன்றாக இருக்கும், மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் வரவேண்டிய ஆணைதான் வராது. 1960இல் ஷை, டிரேகர் என்ற இருவர் விவரித்தது இந்த நோயைத்தான். அதற்கும் முன்னால், 1925இல், பிராட்பரியும் எகில்ஸ்டனும் நின்றால் அழுத்தம் விழும் மூன்று நோயாளிகளை விவரித்தார்கள். அழுத்தம் அவ்வளவு விழுந்தும் நாடி கூடவில்லை என்று அன்றே எழுதிவைத்தார்கள். இன்றைக்கும் நோயைப் பிரித்தறிய உதவும் முதல் தடயம் அதுதான்.

உங்கள் எண்களையே பாருங்கள். மேல் எண் 168லிருந்து 98க்கு, அதாவது 70 இறங்கியிருக்கிறது. நாடி 70லிருந்து 78க்கு, வெறும் 8 ஏறியிருக்கிறது. 8ஐ 70ஆல் வகுத்தால் 0.11. நாடியின் ஏற்றத்தை அழுத்தத்தின் இறக்கத்தால் வகுத்து வரும் இந்த எண் 0.5க்குக் கீழே இருந்தால் நரம்புக் கோளாறு என்று கருதலாம் என 2018இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிப்போனவரோடு ஒப்பிடுங்கள். 130 இருந்தது 105 ஆகும், ஆனால் நாடி 70லிருந்து 95க்குத் தாவும். 25ஐ 25ஆல் வகுத்தால் 1. அவருடைய நரம்புகள் நன்றாக வேலை செய்கின்றன, தண்ணீர்தான் குறைவு. ஒரு எச்சரிக்கை: நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கும், பேஸ்மேக்கர் பொருத்தியவருக்கும், நாடி ஒழுங்கற்று ஓடுபவருக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

இனி மூளையின் பக்கம். மூளை உடல் எடையில் இரண்டு சதவீதம்தான், ஆனால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 750 மில்லி ரத்தம் கேட்கும். 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி என்ற கணக்கு அது. 20 மில்லிக்குக் கீழே போனால் நரம்பணுக்களின் மின்வேலை நின்றுபோகும். அழுத்தம் ஏறி இறங்கினாலும் இந்த வரத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ள மூளையின் சிறு தமனிகள் தாமாகவே விரிந்து சுருங்கும். 1959இல் லாசன் என்ற டென்மார்க் ஆய்வாளர் இதை ஒரு வரைபடமாக வரைந்தார். சராசரி அழுத்தம் 60லிருந்து 150 வரை எங்கே இருந்தாலும் ரத்த ஓட்டம் மாறாது என்று அது சொன்னது. அந்தச் சமதளம் அவ்வளவு அகலமில்லை, ஆளுக்கு ஆள் மாறும் என்பது இப்போதைய கருத்து. நமக்கு முக்கியமான செய்தி வேறு. மூளைக்குள் இருக்கும் இந்தத் தற்காப்பு பெரும்பாலும் சிம்பதெடிக் நரம்புகளை நம்பி இல்லை. அதனால் உடம்பின் நரம்புகள் செயலிழந்த பிறகும் அது பலரிடம் பிழைத்திருக்கிறது. மேல் எண் 90 இருக்கும்போதும் சிலர் நின்று பேசிக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஆனால் அதற்கும் ஒரு தரைமட்டம் உண்டு. அப்பாவின் 98/60க்குச் சராசரி அழுத்தம் என்ன? கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுங்கள். 218ஐ மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 73. இது இதய மட்டத்தில் உள்ள அழுத்தம். நிற்கும்போது மூளை இதயத்துக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 0.77 வீதம் கழிந்து, மூளை மட்டத்தில் கிடைப்பது 50தான். நின்ற நிலையில் இதய மட்டச் சராசரி 75க்குக் கீழே போனவர்களுக்குத்தான் அறிகுறிகள் அதிகம் என்று பார்கின்சன் நோயாளிகளிடம் செய்த ஆய்வில் தெரிந்தது. அப்பா அந்தக் கோட்டுக்குச் சற்றே கீழே நிற்கிறார். அதனால் 98ஐ 130 ஆக்கப் பாடுபட வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து புள்ளி ஏற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். பிடரி, தோள் வலியும் இதில் சேர்ந்ததுதான். நிமிர்ந்து நிற்கும்போது விடாமல் உழைக்கும் அந்தத் தசைகளுக்கு ரத்தம் போதாமல் வருவது. படுத்தால் போய்விடும். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் காலர் மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

மருந்து பற்றிப் பேசுவதற்கு முன் அளவைச் சரியாக எடுங்கள். காலையில், எழுந்தவுடன், காபிக்கும் மாத்திரைக்கும் முன்பு. ஐந்து நிமிடம் மல்லாந்து படுக்கவைத்து ஒரு அளவு. எழுந்து நின்றதும் 1 நிமிடத்தில், 3 நிமிடத்தில், அவரால் முடிந்தால் 5, 10 நிமிடத்திலும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் கோளாறு இருக்கிறது. படுத்திருக்கும்போதே அழுத்தம் அதிகம் உள்ளவருக்கு 30 இறங்க வேண்டும். சிலருக்கு மூன்று நிமிடம் கழித்துத்தான் விழும், அதனால் மூன்றோடு நிறுத்தினால் தவறிப்போகும். உட்காரவைத்து எடுத்த அளவு இங்கே எதற்கும் உதவாது. நிற்கும்போது கையைத் தொங்கவிட்டு எடுப்பதுதான் வீட்டில் நடக்கும் பெரிய பிழை. பட்டை இதய மட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் கீழே இருந்தால் 15 புள்ளி கூடுதலாகக் காட்டும். அப்பாவுக்கு 98 என்பது 113 ஆகத் தெரியும், எல்லாம் சரி என்று தோன்றும். நீங்கள் அவர் முழங்கையைத் தாங்கி, பட்டை மார்பின் நடுமட்டத்தில் இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணோடு நாடியையும் குறிக்க மறக்காதீர்கள். பக்கத்தில் நாற்காலி இருக்கட்டும். மெஷின் எண் காட்டாமல் மீண்டும் மீண்டும் 'எரர்' காட்டினால், அழுத்தம் மிகவும் இறங்கியிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு உடனே உட்காரவையுங்கள்.

அடுத்து மாத்திரைப் பட்டியல். புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் வகை, நீர் பிரியும் மாத்திரைகள், தூக்கத்துக்கோ நரம்புவலிக்கோ கொடுக்கும் அமிட்ரிப்டிலின், நெஞ்சுவலிக்கான நைட்ரேட், ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் ஆகிய ஒவ்வொன்றும் நின்ற அழுத்தத்தை இன்னும் கீழே தள்ளும். பலருக்கு இதில் ஒன்றை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பார்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபாவும் சிறிது இறக்கும். ஆனால் அதை நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். ரத்தசோகை இருந்தால் மற்ற எந்த முயற்சியும் முழுப் பலன் தராது.

மருந்தில்லாத வழிகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை உள்ளது வெறும் தண்ணீர். 480 மில்லி, அதாவது இரண்டு பெரிய டம்ளர், ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் அழுத்தம் ஏறத் தொடங்கி, அரைமணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இந்த வகை நோயாளிகளிடம் மேல் எண் சராசரியாக 30 புள்ளிக்கும் மேலே ஏறியதை 2000இல் ஓர் ஆய்வு காட்டியது. மாத்திரைகூட இவ்வளவு வேகமாக ஏற்றாது. ரத்தத்தின் அளவு கூடுவதால் மட்டும் இது நடப்பதில்லை. நீர்த்த திரவம் கல்லீரல் பக்கமுள்ள உணர்விகளைத் தூண்டுவதால் நடக்கிறது. அதனால் வெறும் தண்ணீராகவே இருக்கட்டும். உப்புப் போட்ட மோரோ ரசமோ அதே வேகத்தைத் தராது. நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடித்தாலும் இந்த விளைவு வராது. காலையில் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து குடிக்கச் செய்யுங்கள். குடித்த பிறகு ஒரு மணி நேரம் படுக்கவிடாதீர்கள், படுத்தால் ஏற்கெனவே உயர்ந்த எண் இன்னும் உயரும். இதயச் செயலிழப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. தண்ணீர் குடித்தால் புரை ஏறுபவர்களும் அப்படியே.

உப்பைப் பொறுத்தவரை நான் சற்று நிதானமாகவே சொல்வேன். ஊறுகாய், அப்பளம், சாம்பார் என்று சாப்பிடும் வீட்டில் உப்பு ஏற்கெனவே தாராளமாகவே உள்ளே போகிறது. கூட்டுவதற்கு முன் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோடியம் பார்க்கலாம். 170 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் உப்பு போதவில்லை. மேலே இருந்தால் இன்னும் சேர்ப்பதில் பயனில்லை, கால்தான் வீங்கும்.

ரத்தம் வயிற்றில்தான் தேங்குகிறது என்று சொன்னேன் அல்லவா? அதனால் முழங்கால் வரை போடும் இறுக்க சாக்ஸ் அவ்வளவாக உதவாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கட்டுவார்களே, அந்த வயிற்று பெல்ட் நல்ல பலன் தரும். படுத்திருக்கும்போதே கட்டி, பிறகு எழுப்ப வேண்டும். எழுந்த பிறகு கட்டினால் ரத்தம் அதற்குள் இறங்கியிருக்கும். மூச்சு முட்டாத இறுக்கம் போதும், படுக்கும் முன் கழற்றிவிட வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போது தலை சுற்றினால் கால்களைக் குறுக்காக வைத்துத் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கலாம். உடல் தள்ளாடுபவர் இதைச் செய்யும்போது எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

சோறு நிறைய உண்ட மதியமும் ஆபத்தான நேரம்தான். சாப்பாட்டைச் செரிக்கக் குடலுக்கு ரத்தம் பாயும், இறுக்கிப் பிடிக்க நரம்பு இல்லை. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தம் விழும். ஒரே வேளையில் குவித்துப் போடாமல் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுங்கள், மாவுச்சத்தைக் குறையுங்கள். வெந்நீர்க் குளியலும் வெயிலும் தோலின் குழாய்களை விரித்துவிடும். மலச்சிக்கல் பார்கின்சனில் சகஜம். முக்கும்போது இதயத்துக்கு வரும் ரத்தம் தடைபட, அழுத்தம் சட்டென்று சரியும். குந்தி உட்காரும் கழிப்பறையிலிருந்து எழும் நொடி இரட்டை ஆபத்து. வெஸ்டர்ன் டாய்லெட்டும் சுவரில் ஒரு கைப்பிடியும் இந்த வீட்டில் மருந்துக்குச் சமம்.

இனி இரவு. படுத்திருக்கும்போது அழுத்தம் உயர்வதால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் இரவெல்லாம் வெளியே தள்ளுகிறது. அப்பா மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறாரா என்று கேளுங்கள். காலையில் உடம்பு வற்றிப்போய் எழுவதால்தான் காலைநேரம் மிக மோசமாக இருக்கிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே 15 முதல் 23 சென்டிமீட்டர் உயரத்துக்கு மரக்கட்டையோ செங்கல்லோ வைத்து, கட்டில் முழுவதையும் சரிவாக்குங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், சிறுநீரகம் அதே மட்டத்தில்தான் கிடக்கும். கட்டை நழுவாமல் பொருத்துங்கள். இந்த ஒன்றே இரவு அழுத்தத்தையும் சிறுநீர்ப்போக்கையும் காலை மயக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும். பகலில் மல்லாந்து படுக்கவிடாதீர்கள், சாய்வு நாற்காலி நல்லது.

இவ்வளவும் போதாதபோது மருந்து. மிடோட்ரின் குழாயை நேரடியாக இறுக்கும். 2.5 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வேளைக்கு 10 வரை, பகலில் மூன்று வேளை கொடுப்பது வழக்கம். எழுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுத்தால் பலன் தெரியும். கடைசி வேளை படுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். மாத்திரை அட்டையில் 'இரவு' என்று எழுதியிருந்தால் உடனே திரும்பக் கேளுங்கள். தலைத்தோல் அரிப்பு, மயிர்க்கூச்செறிதல், சிறுநீர் அடைப்பு வரலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவரைக் கவனிக்க வேண்டும். ட்ராக்ஸிடோபா உடம்பில் நார்எபிநெஃப்ரினாக மாறும் மருந்து. ஜப்பானில் 1989 முதல் பயன்பாட்டில் உள்ளது, அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. ஃப்ளூட்ரோகார்டிசோன் 0.1 மில்லிகிராம், உப்பையும் நீரையும் உடம்பில் தக்கவைக்கும். பொட்டாசியத்தைக் குறைக்கும், படுத்த நிலை அழுத்தத்தை ஏற்றும். அப்பாவுக்கு ஏற்கெனவே 168 இருப்பதால் இது முதல் தேர்வாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. அடோமாக்ஸெட்டின் நரம்பு முனையில் மிஞ்சியிருக்கும் நார்எபிநெஃப்ரினை வீணாகாமல் நிறுத்திவைக்கும். முனைகள் நன்றாக இருக்கும் மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபிக்கே அது கூடுதலாகப் பொருந்தும்.

பிரஷர் மாத்திரையைக் கூட்டலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். 24 மணி நேரமும் வேலை செய்யும் மாத்திரை பகலிலும் வேலை செய்யும். அது 98ஐ 80 ஆக்கும், அடுத்த விழுதலில் இடுப்பெலும்பு முறியும். கட்டிலைச் சரித்த பிறகும் இரவு அழுத்தம் 180ஐத் தொடுகிறது என்றால், குறுகிய நேரமே வேலை செய்யும் மருந்தைப் படுக்கும்போது மட்டும் கொடுக்கும் வழி இருக்கிறது. நரம்பியல் மருத்துவரும் இதய மருத்துவரும் அளவுகள் எழுதிய ஒரே தாளைப் பார்த்துச் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. படுத்த நிலையில் 150, 160 வரை இருப்பதைப் பலருக்கும் பொறுத்துக்கொள்கிறார்கள். விழுந்து அடிபடும் ஆபத்து இன்றைக்கே இருப்பது, அந்த 160இன் கெடுதி ஆண்டுக்கணக்கில் சேர்வது.

ஆராய்ச்சியில் இரண்டு திசைகளைக் கவனிக்கிறேன். ஒன்று நோயைப் பிரித்தறிவது. எம்ஐபிஜி என்ற கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றி இதயத்தைப் படம் எடுத்தால், பார்கின்சனில் நரம்பு முனைகள் அழிந்திருப்பதால் இதயம் மங்கலாகத் தெரியும், மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபியில் பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். தோலிலிருந்து 3 மில்லிமீட்டர் துண்டு எடுத்து, அதிலுள்ள நரம்பிழைகளில் பாஸ்பேட் ஏறிய ஆல்பா சைனுக்ளீனைத் தேடும் சோதனை பார்கின்சன் நோயாளிகளில் 92.7 சதவீதம் பேரிடம் அதைக் கண்டது, நோயில்லாதவர்களில் 3.3 சதவீதம் பேரிடம் மட்டும் கண்டது. இது 2024இல் வெளியானது. மற்றது, அறுந்த சுற்றை மின்சாரத்தால் இணைப்பது. தண்டுவடக் காயத்தால் அழுத்தம் விழுபவர்களுக்கு மார்புப் பகுதித் தண்டுவடத்தின் மேல் மின்முனைத் தகடு பொருத்தி, அழுத்தம் இறங்கும்போது தூண்டும் முறை 2021இல் வந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரக் குழு அதையே மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி உள்ள ஒரு பெண்ணுக்குச் செய்ததை 2022இல் வெளியிட்டது. சில அடிகளில் மயங்கியவர் சில மாதங்களில் 250 மீட்டர் நடந்தார். ஆணை வராமல் முனை மட்டும் பிழைத்திருக்கும் நோய்க்கு இது மிகவும் பொருந்தும் சிகிச்சை. அப்பாவைப் போல முனையே தேய்ந்தவருக்கு எவ்வளவு உதவும் என்பது முனைகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

நாளையிலிருந்து ஏழு நாள் காலையிலும், மதிய உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்தும், படுக்கும் முன்பும் படுத்த அளவு, நின்ற அளவு, நாடி மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே மாத்திரை கொடுத்த நேரமும் இருக்கட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதலில் கட்டிலும் தண்ணீரும், அடுத்த வாரம் பெல்ட், அதன் பிறகு மருந்து. இடையில் ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, மார்பு வலித்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ இந்தத் தாளுக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.